அறிவியல் செய்திக்குப் பரபரப்புத் தலைப்பு: பத்திரிகைக்குப் புகார் எழுதித் திருத்தம் வாங்குவது எப்படி?

'புற்றுநோய்க்கு முடிவு கட்டிய விஞ்ஞானிகள்', 'பூமியை நோக்கிப் பாய்ந்து வரும் ராட்சத விண்கல்' என்று காலையில் ஒரு தலைப்பைப் பார்க்கிறோம். உள்ளே படித்தால் சங்கதி வேறாக இருக்கிறது. கோபத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறோம். பதில் வருவதில்லை. 'சொல்லி என்ன ஆகப்போகுது' என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடக்கூடாது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம், பத்திரிகை அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் புகார் இல்லாததுதான். பத்து நிமிடத்தில் சரிபார்த்துத் திருத்த முடிகிற ஒரே ஒரு தவறை எடுத்துக் கொடுத்தால் வேலை நடக்கும். அதற்கான வரிசையைக் கீழே சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்; பின்னால் வரும் படிகளுக்கு முன்னால் செய்தவைதான் ஆதாரம்.

1. முதலில் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள்

ஆய்வைத் தேடப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அச்சுப் பத்திரிகை என்றால் முழுப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். தேதி, பக்க எண், பதிப்பின் பெயர் மூன்றும் படத்தில் தெரியட்டும். மதுரைப் பதிப்பில் இருக்கும் தலைப்பு சென்னைப் பதிப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிப்பைக் குறிப்பிடாவிட்டால், அலுவலகத்தில் வேறொரு பதிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'அப்படி வரவில்லையே' என்பார்கள். செய்தியைத் தனியாகக் கத்தரித்து வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், முழுத் தாளையும் எடுத்து வையுங்கள். மேல்முறையீடு வரை போனால் அது தேவைப்படும்.

இணையதளம் என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். முகவரி, நேரம் இரண்டும் அதில் இருக்கட்டும். இணையத் தலைப்பு ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மாறும். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது வரும் சிறு படத்தில் ஒரு தலைப்பும், திறந்தால் வேறு தலைப்பும் இருப்பது உண்டு. இரண்டையும் எடுங்கள்.

பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டர் வாசகம் தனி. போஸ்டரில் கண்டதைத் தலைப்பாக நினைத்துப் புகார் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எங்கே கண்டீர்களோ அதைத்தான் குறிப்பிட வேண்டும்.

2. அது செய்திதானா என்று பாருங்கள்

மூட்டு வலி, சர்க்கரை, முடி உதிர்வு பற்றிய பல 'ஆய்வுச் செய்திகளின்' மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும். விளம்பரம் என்றால் புகார் போக வேண்டிய இடமே வேறு: இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில். நோயை மாயமாகத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அந்த வழி இந்தக் கட்டுரையில் இல்லை.

3. தவறு எந்த இடத்தில் நுழைந்தது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தலைப்பைப் படித்ததும் நிருபரைத் திட்டி எழுதுகிறார்கள். தலைப்பு வைப்பது பெரும்பாலும் நிருபர் இல்லை. செய்திகளைத் திருத்தி அச்சுக்குத் தயாராக்கும் பிரிவான டெஸ்க்கில் இருக்கும் துணை ஆசிரியர். இணையதளத்துக்கு வேறொருவர் வைத்திருக்கலாம். செய்தியே ஏஜென்சியிலிருந்து வந்திருக்கலாம். எனவே நான்கு இடங்களை மேலிருந்து கீழாக வரிசையாகப் பாருங்கள்.

முதலில் செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். தலைப்பை மறுக்கும் வரி செய்திக்குள்ளேயே, அதுவும் கடைசிப் பத்திகளில், இருக்கும். 'எலிகளிடம் நடத்தப்பட்ட சோதனையில்' என்று நான்காவது பத்தியில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பத்திரிகையின் சொந்தச் செய்தியே பத்திரிகையின் தலைப்பை மறுக்கிறது. இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது.

அடுத்து, செய்தி எந்த ஏஜென்சியிலிருந்து வந்தது என்று பாருங்கள். பிடிஐ போன்ற ஏஜென்சி தந்த செய்தி என்றால் அதே செய்தி மற்ற பத்திரிகைகளிலும் இருக்கும். அங்கே தலைப்பு அடக்கமாக இருந்தால், பரபரப்பு இந்த டெஸ்க்கில்தான் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது, ஆய்வு நடத்திய பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு. இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் நடந்து 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதுபோல ஊதிச் சொன்ன குறிப்புகள் 36 சதவீதம். மூல ஆய்வில் இல்லாத அளவுக்குக் காரண-காரியம் கற்பித்தவை 33 சதவீதம். குறிப்பே ஊதியிருந்தால் பத்திரிகைச் செய்தியும் ஊதியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அப்படி இருந்தால் புகாரில் அதைச் சொல்லிவிடுங்கள்: 'பல்கலைக்கழகக் குறிப்பிலேயே இப்படித்தான் இருந்தது, ஆனால் ஆய்வுக்கட்டுரையில் இல்லை.' நீங்கள் நியாயமாகப் பேசுகிறீர்கள் என்பது படிப்பவருக்கு உடனே புரியும்.

கடைசியாக ஆய்வுக்கட்டுரை. ஆய்விதழின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், முதன்மை ஆய்வாளரின் பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். தமிழில் ஒலிபெயர்த்த பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு பல மாதிரி வரும், இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டாலும் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். அதில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடினால் போதும்: யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எதை அளந்தார்கள், ஆய்வின் எல்லைகள் என்று ஆய்வாளர்களே எதைச் சொல்கிறார்கள். கட்டுரை சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியான வரைவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை கிடைக்கவே இல்லை என்றால் 3ஆம் படியின் முதல் ஆதாரத்தை மட்டும் வைத்து எழுதுங்கள். ஊகத்தில் எழுத வேண்டாம்.

4. தவறுக்குப் பெயர் வையுங்கள்

'மிகைப்படுத்தல்' என்று பொதுவாகச் சொன்னால் டெஸ்க்கில் இருப்பவர் 'தலைப்புன்னா அப்படித்தான்' என்று நகர்ந்துவிடுவார். என்ன தவறு என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். பெரும்பாலான தலைப்புகள் கீழே சொல்லும் வகைகளுக்குள் அடங்கிவிடும்.

எலி மனிதனாவது: எலியிடம் கண்டதை மனிதருக்கும் நடந்ததுபோலச் சொல்வது. தொடர்பு காரணமாவது இன்னொன்று: காபி குடிப்பவர்களிடம் ஒரு நோய் குறைவாகக் காணப்பட்டது என்பது 'காபி குடித்தால் நோய் வராது' என்று மாறிவிடும்.

அடுத்தது சதவீதம். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் தொகுதியில் சேர்த்தது. உலகம் முழுக்க 'இறைச்சி சிகரெட்டுக்குச் சமம்' என்ற பாணியில் தலைப்புகள் வந்தன. அந்தத் தொகுதி சொல்வது, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று முகமை சொன்னது. 18 சதவீதம் என்றதும் நூற்றில் 18 பேருக்கு வரும் என்று படிக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. ஒரு நோய் நூற்றில் 5 பேருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடினால் அது ஏறக்குறைய 6 பேர் ஆகும். இந்தக் கணக்கைப் புகாரில் இரண்டு வரியில் போட்டுக் காட்டினால், கணக்கைப் பிடிக்காத துணை ஆசிரியருக்கும் விளங்கிவிடும்.

விண்கல் தலைப்புகள் மாதம் தவறாமல் வருகின்றன. 'பூமிக்கு மிக அருகில்', 'பூமியை உரசி' என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் ஒவ்வொரு விண்கல்லும் கடக்கும் தேதி, தொலைவு, உத்தேச அளவு ஆகியவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில் இருக்கிறது. 'ஆபத்தாகக்கூடியது' என்ற வானியல் வகைப்பாட்டுக்குப் பாதை ஏறக்குறைய 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வந்தால் போதும். அளவு சுமார் 140 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 75 லட்சம் என்பது நிலவைப்போல சுமார் 20 மடங்கு தூரம். கண்காணிப்புக்காக வைத்த வகைப்பாட்டுப் பெயரை மோதல் எச்சரிக்கையாக அச்சிட்டதுதான் தவறு.

இதில் ஒரு நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல், 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் என்று 2025 பிப்ரவரி 18 அன்று நாசா மதிப்பிட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் அவதானிப்புகள் கூடக்கூட அது கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது. அந்த 18ஆம் தேதி '3.1 சதவீத வாய்ப்பு' என்று தலைப்பு வைத்த பத்திரிகை எந்தத் தவறும் செய்யவில்லை. பின்னால் எண் மாறியது அறிவியலின் வேலை. அதே நாளில் 'பூமியைத் தாக்கப் போகும் விண்கல்' என்று வைத்திருந்தால், நூற்றில் சுமார் 97 பங்கு தாக்காது என்ற அன்றைய கணக்கையே அது மறைக்கிறது. அது புகாருக்கு உரியது. அச்சான நாளில் தெரிந்திருந்த தகவலை வைத்துத்தான் தலைப்பை எடைபோட வேண்டும்.

ஒரு செய்தியில் மூன்று தவறு கண்டாலும் புகாருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாசகருக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியது எதுவோ அது. மூன்றையும் எழுதினால், அவற்றில் பலவீனமான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

5. யாருக்கு அனுப்புவது?

எல்லா நாளிதழிலும் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்களோடு ஒரு பொடி எழுத்து வரி இருக்கும். பல பத்திரிகைகளில் செய்தித் தேர்வுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் யார் என்றும் அதிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் கடிதம் அந்த ஆசிரியருக்கு. இணையதளச் செய்தி என்றால் தளத்தின் அடியில் 'குறைதீர் அதிகாரி' என்று யாரையாவது குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவருக்கும் நகல். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006இலேயே வாசகர்களின் புகாருக்கென்று ஓர் ஆசிரியரை நியமித்தது. அப்படி ஒருவர் இருக்கும் பத்திரிகையில் நேராக அவருக்கே எழுதலாம்.

'வாசகர் கடிதம்' பகுதிக்கு அனுப்ப வேண்டாம். அது கருத்துக்கான இடம். அங்கே போனால் உங்கள் கடிதம் பிரசுரமாகலாம், தலைப்பு அப்படியே இருக்கும். ஃபேஸ்புக்கில் போட்டுக் கிழித்துவிட்டு அப்புறம் கடிதம் அனுப்புவதும் வேண்டாம். பொதுவெளியில் அவமானப்பட்ட பிறகு எந்த அலுவலகமும் திருத்துவதைவிடத் தற்காத்துக்கொள்வதில்தான் இறங்கும்.

6. கடிதம்

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். ஒரு கற்பனைச் செய்தியை வைத்து மாதிரி தருகிறேன்.

பொருள்: திருத்தக் கோரிக்கை – (தேதி), மதுரைப் பதிப்பு, பக்கம் 7, சர்க்கரை நோய் ஆய்வுச் செய்தியின் தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கண்ட செய்தி 'சர்க்கரை நோய்க்கு இனி மாத்திரை தேவையில்லை: விஞ்ஞானிகள் சாதனை' என்ற தலைப்பில் வெளிவந்துள்ளது.

இந்த ஆய்வு எலிகளிடம் மட்டுமே நடந்தது. உங்கள் செய்தியின் நான்காவது பத்தியும் அதையே சொல்கிறது. மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை என்று ஆய்வாளர்களும் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளார்கள் (அந்த வரியை இணைத்துள்ளேன்). தலைப்பு இந்த இரண்டோடும் பொருந்தவில்லை.

தலைப்பை மட்டும் படிக்கும் நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே இணையதளத்தில் தலைப்பை மாற்றவும், அச்சுப் பதிப்பில் திருத்தம் வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன். 'சர்க்கரை நோய்க்குப் புதிய மருந்து: எலிகளிடம் சோதனை வெற்றி' என்ற தலைப்பு பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர், ஊர், தொலைபேசி எண்

பொருள் வரியில் 'கண்டனம்' என்று போடாமல் 'திருத்தக் கோரிக்கை' என்று போடுவதற்குக் காரணம், அது யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதை அந்த வார்த்தையே முடிவு செய்துவிடும். தலைப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்தெழுதுங்கள். நினைவிலிருந்து எழுதி ஒரு சொல் மாறினாலும், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுப்பார்கள்.

மாற்றுத் தலைப்பு கொடுப்பதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அச்சில் தலைப்புக்கு இடம் அளந்து வைத்தது. ஆகவே பழைய தலைப்பின் நீளத்துக்குள் அடங்கும்படி எழுதிப் பாருங்கள். உண்மையைச் சொல்லிக்கொண்டே படிக்கத் தூண்டும்படியும் அது இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் அந்த வேலையின் கஷ்டம் நமக்கும் தெரியும், கடிதத்தின் தொனியும் தானாகத் தணியும்.

எதை எழுதக்கூடாது? 'காசுக்காக', 'விற்பனைக்காக' என்று நோக்கம் கற்பிக்கும் எதையும். உங்களால் நிரூபிக்க முடியாத ஒரே வரி அதுதான், அவர்கள் பதில் சொல்லப்போவதும் அதற்குத்தான். பட்டங்களை வரிசையாகப் போடுவதும் உதவாது. அந்தத் துறையில் வேலை பார்ப்பவர் என்றால் ஒரு வரியில் சொல்லுங்கள், போதும். வக்கீல் நோட்டீஸ் மிரட்டல் வந்தால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தூங்கும். நாற்பது பக்க ஆய்வுக்கட்டுரையை இணைக்காதீர்கள். சம்பந்தப்பட்ட வரியை மஞ்சள் வண்ணமிட்டு ஒரு பக்கத்தை மட்டும் இணையுங்கள்.

7. காத்திருப்பதும் நினைவூட்டுவதும்

ஒரு வாரம் பொறுங்கள். பதில் இல்லை என்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். புதிதாகத் தொடங்கினால் பழைய தேதி ஆதாரமாக நிற்காது. தொலைபேசியில் பேசுவதானால் மதியத்துக்கு முன்பின் கூப்பிடுங்கள். காலை நாளிதழின் டெஸ்க் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும். பேசிய தேதி, என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

சில சமயம் பதிலே அனுப்பாமல் இணையத் தலைப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். அதனால் வாரத்தில் ஒருமுறை பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

8. இந்தியப் பத்திரிகை கவுன்சில்

ஆசிரியர் கண்டுகொள்ளவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த இடம் இது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது, அலுவலகம் டெல்லி லோதி சாலையில். நேராக இங்கே வர முடியாது. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் நகலையும் பதில் வந்திருந்தால் அதையும் இணைக்க வேண்டும். இதனால்தான் வரிசையை மாற்றாதீர்கள் என்றேன்.

நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும், மற்றவற்றுக்கு 4 மாதம். ஆசிரியரின் பதிலுக்காகக் காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. மூன்று வாரத்தில் பதில் இல்லை என்றால் இதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். தமிழ்ச் செய்தி என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும்.

கவுன்சிலின் நடத்தை நெறிகளில், தலைப்பு பரபரப்பூட்டுவதாக இருக்கக்கூடாது, கீழே உள்ள செய்தியைப் பிரதிபலிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. தவறு தெரிந்தால் உடனே, உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் போட வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு, உங்கள் ஒற்றைத் தவறை அவற்றோடு பொருத்திக் காட்டுங்கள். இங்கும் நீளம் வேண்டாம்.

கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். அபராதம் விதிக்க முடியாது. மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யும். அதனால் உடல்நலம் சார்ந்த, ஆளுக்குத் தீங்கு செய்யக்கூடிய தலைப்புகளுக்கு இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள். ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளுக்குக் 'கடவுள் துகள்' என்று தலைப்பு வைத்ததற்காக டெல்லி வரை போக வேண்டியதில்லை. தொலைக்காட்சிச் செய்தி இந்தக் கவுன்சிலின் வரம்புக்குள் வராது. இலங்கை வாசகர்கள் அங்குள்ள பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம்.

9. திருத்தம் வந்த பிறகு

இணையத்தில் தலைப்பு மாறியிருந்தால் மூன்று இடங்களைச் சரிபாருங்கள்: பக்கத்தின் தலைப்பு, லிங்க் அனுப்பினால் வரும் சிறு படம், பத்திரிகையின் ஃபேஸ்புக் பதிவு. முதலாவது மாறி மற்ற இரண்டும் பழையபடி நிற்பது சகஜம். நின்றால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு இன்னொரு வரி எழுதுங்கள். கூடவே நன்றியும் சொல்லுங்கள், திருத்தியவர் ஒரு வேலையை உங்களுக்காகச் செய்திருக்கிறார்.

அப்புறம், பழைய தலைப்பு எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு வந்ததோ அங்கெல்லாம் திருத்தத்தின் படத்தைப் போடுங்கள். அந்தக் குழுவில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் தனியாக ஒரு போன் போட்டு, மாத்திரையை நிறுத்தவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.